சின்னண்ணன் மூன்றாம் தடவைக்குக் காத்திருக்கிறார்

துண்டு சரியில்லை என்று சின்னண்ணன் கண்ணை இடப்பக்கம் உருட்டினார். இடப்பக்கம் உருட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். செல்லாயி பச்சைக் கரைத் துண்டை எடுத்து வைத்துவிட்டு நீலக் கரையைக் கொண்டுவந்தாள். அதற்கும் இடப்பக்கம். மூன்றாவதாக, ஓரம் நைந்துபோன நாலு முழ வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து தோளில் போட்டபோதுதான் கண் வலப்பக்கம் போனது. செல்லாயிக்கு இது புதிதல்ல. முதல் இரண்டு தடவை எதைக் காட்டினாலும் மனுஷன் வேண்டாம் என்பார். அதனால், தான் கொடுக்க நினைப்பதை எப்போதும் மூன்றாவதாகத்தான் எடுத்து வருவாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் கண்டுபிடித்த ரகசியம் இது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு அத்தனை களேபரம் நடந்திருக்காது.

புதன்சந்தையில் பெரிய மாட்டுத் தரகர் சின்னண்ணன்தான் என்று சொன்னால் மற்ற தரகர்கள் சண்டைக்கு வருவார்கள். மனசுக்குள் ஒப்புக்கொள்வார்கள். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். பெயர்தான் புதன்சந்தை, மாடு கூடுவது செவ்வாய்க்கிழமை. அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு தரகர்கள் கையோடு கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, விரலின் நடுக்கணுவை அழுத்தினால் அரை. வலது உள்ளங்கையை இறுக்கி மூடினால் பேரம் முடிந்தது. முடிந்ததும் துண்டை எடுத்துப் பட்டென்று ஓர் உதறு. பத்தடி தள்ளி நிற்கும் மாட்டுக்காரருக்கு அந்தச் சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். அதுவரை சுற்றி நிற்கிறவர்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். துண்டை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்ட முதல் தடவையில் யாரும் கையை மூடுவதில்லை. இரண்டாவதிலும் மூடுவதில்லை. முதல் தடவையிலேயே சம்மதித்தால் மாட்டில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். இரண்டாவதில் சம்மதித்தால் வீட்டில் ஏதோ அவசரம் என்று நினைப்பார்கள். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் பேச்சு நிஜமாகும். சின்னண்ணன் இந்த வழக்கத்தைச் சந்தையோடு நிறுத்திக்கொண்டால் தேவலை. கல்யாணப் பந்தியில் பாயசத்தை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, பரிமாறுகிறவர் நிஜமாகவே அடுத்த இலைக்குப் போய்விட, பாயசம் இல்லாமல் கை கழுவிய நாட்கள் பல. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். அவர்கள் மூன்றாம் தடவை வந்து உட்கார்ந்தபோது பந்தல்காரரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

அன்று சனிக்கிழமை. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். போன இரண்டு தடவையும் டாக்டர் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இன்றைக்கு மூன்றாவது தடவை. விடியற்காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செல்லாயி சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் வாசலை நாலு தடவை பார்த்துவிட்டார்.

தங்கமுத்து தன் மினி லாரியோடு வந்து ஹாரன் அடித்தார். அவரும் தரகர்தான். மாடு ஏற்றும் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பின்னால் மாட்டை ஏற்றுகிற பலகையைச் சாய்த்து, அதன் வழியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளி மேலே ஏற்றுவார். நாற்காலி பின்னால் போகும். சின்னண்ணனைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைப்பார்கள். எவ்வளவுதான் கழுவினாலும் வண்டியில் சாணி வாசம் கொஞ்சம் இருக்கும். அந்த வாசம் வந்தால்தான் சின்னண்ணன் முகத்தில் தெம்பு வரும்.

இந்தத் தங்கமுத்துவின் கைக்குள்தான் எல்லாமே ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு ஜோடிக் காங்கேயம் காளைகள். விற்கிறவர் பக்கம் சின்னண்ணன், வாங்குகிறவர் பக்கம் தங்கமுத்து. மூன்றாவது தடவை தங்கமுத்து பிடித்துக் காட்டிய விலை நல்ல விலை. சின்னண்ணன் கையை மூடினார். மூடியதாகத்தான் நினைத்தார். விரல்கள் மூடவே இல்லை. இவன் இன்னும் ஏற்றப் பார்க்கிறான் என்று தங்கமுத்து கையை உருவிக்கொண்டு, திரும்பிப் பாராமல் அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். காளைக்காரர் ஜோடியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகும்போது சின்னண்ணனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவர் இன்றைக்கும் மறக்கவில்லை. "என்ற கையி மூடுச்சேப்பா" என்று சாயங்காலம் போய்ச் சொன்னார். தங்கமுத்து நம்பவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு மாசம் பேச்சில்லை.

அப்புறம் பத்து மாசம் வீணாய்ப் போனது. சுளுக்கு என்று ஒருவர் எண்ணெய் போட்டு நீவினார். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் பட்டை மாட்டிவிட்டார். அந்தப் பட்டையோடு சந்தைக்குப் போய்ப் பட்ட கேலி கொஞ்சநஞ்சமில்லை. வலது கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தபோது கால் டாக்டர் ஒருவர், உடம்பு இளைத்தபோது வயிற்று டாக்டர் ஒருவர். சின்னண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காலு பாக்கறதுக்கு ஒருத்தரு, கொம்பு பாக்கறதுக்கு ஒருத்தரு. முழு மாட்டெப் பாக்கறதுக்கு ஆளே இல்லீங்களே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். அப்போது பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

முழு மாட்டைப் பார்த்தவர் டாக்டர் தீபிகா. சேலத்தில் நரம்பு டாக்டர். வாழப்பாடிக்காரர், வயசு நாற்பதுகூட இருக்காது. சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, தொடாமல், பேசாமல், ஐந்து நிமிஷம் சும்மா நின்று பார்த்தார். சந்தையில் விஷயம் தெரிந்தவர்கள் மாட்டைப் பார்க்கிற பார்வை அது. சின்னண்ணனுக்கு அந்த நிமிஷமே ஆள் பிடித்துப்போனது. தோள்பட்டையில் தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"ஈ உக்காந்தா மாடு தோலெச் சிலுப்புமுங்க. எனக்கு ஈயே இல்லாம சிலுப்புதுங்க, அம்மிணி" என்றார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அதையே திரும்பச் சொல்லச் சொல்லி அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு நாக்கை நீட்டாமல் வாய்க்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், நாக்கும் துடித்தது. கழுத்துக்கு ஸ்கேன், ரத்தம், அதற்கப்புறம் சதைக்குள் மெல்லிய ஊசியை விட்டு ஒரு மெஷினில் சத்தம் கேட்கும் பரிசோதனை. சோளம் பொரிகிற மாதிரி அது படபடத்தது. வேறு எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். போனை அணைத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

குறையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மறைத்துச் சொல்வதெல்லாம் தரகே இல்லை என்று சின்னண்ணன் கேட்டுக்கொண்டார். டாக்டர் மறைக்கவில்லை. நோயின் பெயர் ஏ.எல்.எஸ். சதையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். கை, கால், அப்புறம் பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. தொட்டால் தெரிவது போகாது. குணமாக்க மருந்து இல்லை. ஓட்டத்தைக் கொஞ்சம் தணிக்க மாத்திரை உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னாலேயே அதற்கு ஆயத்தமாகலாம், அதற்கு ஒரு டாக்டர் போதாது, ஒரு கூட்டமே வேண்டும், அந்தக் கூட்டம் இங்கே இருக்கிறது என்றார். செல்லாயி அங்கேயே அழுதாள். சின்னண்ணன் வண்டி ஏறியதும் அழ ஆரம்பித்து மல்லூர் வரைக்கும் அழுதார். மல்லூர் தாண்டியதும் பசிக்கிறது என்றார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த தங்கமுத்து, அந்தக் காளை ஜோடிக்காக ஒரு மாசம் பேசாமல் இருந்ததற்கு, பரோட்டாக் கடையில் வைத்துக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் கூட்டத்தை முதல் தடவை பார்த்தபோது சின்னண்ணன் சொன்னது ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் பேச்சு. மூன்று மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரே ஹாலில், மேஜை மேஜையாக எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். உடற்பயிற்சிக்குப் பூபதி. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் தனப்பிரியா. மூச்சை ஊதிப் பார்க்க ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், காலுக்குப் பட்டை அளவெடுக்க ஒருவர், வீட்டுக்காரர்களின் மனசைக் கேட்க ஒருவர். நடுவில் டாக்டர். சின்னண்ணன் வாசலில் நின்று கண்ணை ஓட்டினார். "அட, நம்ம சந்தையாட்டவே இருக்குது!" என்றார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பூபதி ஒரு பயிற்சியைப் பத்து தடவை செய்யச் சொன்னால் ஆறுக்கு இறக்குவார். பூபதி ஆட்டையாம்பட்டிக்காரர், சந்தைப் பேரம் பார்த்து வளர்ந்தவர்; இரண்டாம் தடவையிலிருந்து பதினாறு என்று ஆரம்பித்துப் பத்தில் முடிக்கப் பழகிக்கொண்டார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

பேச்சு குழற ஆரம்பித்தபோது தனப்பிரியா எழுத்துகள் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார். சின்னண்ணன் அதைத் தொடவே இல்லை. கையில் இருக்கிற பாஷையை விட்டுவிட்டுக் காகிதத்தில் எதைத் தேடுவது என்று அவருக்குக் கோபம். ஒரு விரல் தண்ணீர், இரண்டு விரல் புரட்டிப் படுக்க வை, நடுக்கணுவை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் என்று செல்லாயியோடு அவர் விரலிலேயே பேசுவதைப் பார்த்த தனப்பிரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரல் விரலாகக் கேட்டு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டார். இப்போது இடது கையில் இரண்டு விரல்கள்தான் சொன்னபடி கேட்கின்றன. மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்கிறது.

ஆறு மாசத்துக்கு முன்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். விழுங்குவது சிரமமாகிக்கொண்டே போகும், வயிற்றில் நேராக ஒரு சின்னக் குழாய் வைத்துவிட்டால் அதன் வழியாகச் சாப்பாடு கொடுக்கலாம், வைத்துக்கொள்கிறீர்களா? சின்னண்ணன் வேண்டாமென்றார். அன்றைக்கு மூச்சு மெஷின் காட்டியது நூற்றுக்கு அறுபத்தெட்டு. மூன்று மாசத்துக்கு முன் இரண்டாவது தடவை கேட்டார். அப்போதும் வேண்டாம். மெஷின் காட்டியது அறுபது. ஐம்பதுக்குக் கீழே போய்விட்டால் குழாய் வைப்பதே ஆபத்து, மயக்க மருந்தை மூச்சு தாங்காது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். சின்னண்ணன் பிடிகொடுக்கவில்லை.

உள்ளுக்குள் அவர் சம்மதித்து ரொம்ப நாளாகிறது. ஒரு மத்தியானம் செல்லாயி ரசம் சோற்றைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் இருமல், ஒவ்வொரு இருமலுக்கும் முதுகைத் தடவல். ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் தனக்குப் போட்டு வைத்திருந்த தட்டில் சோறு ஆறி, மேலே ஈ உட்கார்ந்திருந்தது. அதை அப்படியே ஓரமாக உட்கார்ந்து தின்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். சின்னண்ணனுக்கு நெஞ்சு வெந்துபோனது. அவள் சூடாக ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்றால் அந்தக் குழாய் வந்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஆனால் தானாகப் போய்க் கேட்கிற பழக்கம் அவர் பரம்பரைக்கே கிடையாது. டாக்டர் மூன்றாவது தடவை கேட்பார். அப்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டு முடித்துவிடலாம். நிபந்தனையும் தயாராக இருந்தது. செவ்வாய்க்கிழமை சந்தையில், தங்கமுத்துவோடு, ஒரு வாய் டீ.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு முதல் மேஜை மூச்சு மெஷின். வாயில் குழலைக் கவ்வ வைத்து, மூக்கைக் கிளிப் போட்டு மூடினார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று மெஷின்காரர் சத்தம் போட, செல்லாயியும் "ஊதுங்க" என்று கத்த, வாசலில் நின்ற தங்கமுத்து ஜல்லிக்கட்டு பார்க்கிறவர் மாதிரி உள்ளே பாய்ந்து வந்து "உடாதே, உடாதே" என்று துள்ளினார். சின்னண்ணனின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண் வந்தது. ஐம்பத்து மூன்று. மூன்று பேரும் பந்தயத்தில் ஜெயித்த மாதிரி மூச்சு வாங்கினார்கள். ஐம்பதுக்கு மேலே இருக்கிறது. ஆனால் மூன்று மாசம் கழித்து வரும் சனிக்கிழமைக்கு இருக்காது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

சாப்பாட்டு மேஜையில் எடை பார்த்தார்கள். அறுபத்து நாலு கிலோ இருந்தவர் ஐம்பத்தொன்று. கஞ்சியில் நெய்யைக் கூட்டச் சொன்னார்கள், கெட்டித் தயிர் சொன்னார்கள். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, இது இவர்கள் வேலை இல்லை போலிருக்கிறது என்று சின்னண்ணன் நினைத்துக்கொண்டார். தனப்பிரியா கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்துத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். முகவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து விழுங்கச் சொன்னார். நன்றாக விழுங்கினார். தனப்பிரியா சிரித்தார், எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரும் குழாயைப் பற்றிக் கேட்கவில்லை. பூபதியிடம் பேரமே நடக்கவில்லை. பதினாறு என்றதும் சின்னண்ணன் வலப்பக்கம் கண்ணைக் காட்டிவிட்டார். பூபதி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசியில் டாக்டர் தீபிகா. இப்போது வரும் என்று சின்னண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் ராத்திரித் தூக்கத்தைக் கேட்டார். மூச்சுக்கு மாட்டும் முகமூடி அழுத்துகிறதா என்று கேட்டார். எச்சில் வடிவதற்கு மாத்திரை எழுதினார். செல்லாயியிடம் உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார். பிறகு ஃபைலை மூடினார்.

"மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாங்கய்யா" என்றார்.

சின்னண்ணனுக்கு வியர்த்துவிட்டது. பந்தியில் பாயச வாளி அடுத்த இலைக்குப் போவது அவருக்குத் தெரிந்த காட்சிதான். ஆனால் இது பாயசம் இல்லை. தங்கமுத்து நாற்காலியைத் திருப்பித் தள்ள ஆரம்பித்துவிட்டார். வாசல் நெருங்கியது. சின்னண்ணன் தன்னிடம் மிச்சமிருந்த பலம் அத்தனையையும் இடது காலுக்கு அனுப்பி, பாதத்தைக் கதவு நிலையில் முட்டுக்கொடுத்தார். நாற்காலி நின்றது. தங்கமுத்து தள்ளினார். நாற்காலி நகரவில்லை. லாரியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாட்டை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"என்ன பண்ணுதுங்க? வலிக்குதுங்களா?" என்று செல்லாயி பதறிப்போய் முன்னால் வந்தாள்.

அவர் கண் இடப்பக்கம் போனது. பிறகு டாக்டரிடம் போனது, பிறகு தன் வயிற்றுக்குப் போனது, மறுபடி டாக்டரிடம் போனது. செல்லாயிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவள் டாக்டரிடம் திரும்பி, இன்றைக்குக் குழாயைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்றாள். டாக்டர் ஃபைலைத் திறந்து காட்டினார். இரண்டு முறை கேட்டோம், இரண்டு முறையும் வேண்டாம் என்றார், அவர் முடிவை மதிக்க வேண்டும், இனி யாரும் வற்புறுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. எல்லா மேஜைக்கும் அது போயிருந்தது. உடம்பு அவருடையது, வேண்டாம் என்றால் வேண்டாம்தானே, நச்சரித்தால் அவர் இங்கே வருவதையே விட்டுவிடுவாரோ என்று நாங்கள் பயந்தோம் என்றார் டாக்டர்.

சின்னண்ணன் வாயைத் திறந்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. உதட்டைக் கூட்டி, மூச்சைச் சேர்த்து, மறுபடி முயன்றார். குழறிக் குழறி வந்தது, ஆனால் வந்துவிட்டது.

"ரெண்டு... தாட்டிதானுங்களே... கேட்டீங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. இரண்டு தடவைதானே கேட்டீர்கள் என்றால் என்ன அர்த்தம்? பூபதிக்குப் புரிந்துவிட்டது. தன் மேஜையிலிருந்து எழுந்து ஓடிவந்தார். சிரிப்பும் அழுகையுமாக, சந்தையில் முதல் இரண்டு வேண்டாமுக்குக் கணக்கே இல்லை என்று டாக்டருக்கு விளக்கினார். செல்லாயி தலையில் அடித்துக்கொண்டாள். துண்டு முதல் பாயசம் வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தீபிகா ஃபைலையும் சின்னண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். வாழப்பாடியில் அவர் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்கு மேலே "ஒரே விலை" என்று போர்டு தொங்கும். அந்தப் போர்டுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவர். வேண்டாம் என்றவரை அவர் அப்பா திரும்பக் கூப்பிட்டதே இல்லை.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி சின்னண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஐயா, மூணாவது தடவையா கேக்கறேன். குழாய் வெச்சுக்கலாங்களா?"

சின்னண்ணன் கண் தோளிலிருந்த துண்டுக்குப் போனது. செல்லாயி அதை எடுத்து அவர் மடிமேல் விரித்தாள். டாக்டர் ஒரு நொடி தயங்கிவிட்டு, துண்டுக்கு அடியில் கையை விட்டார். பூபதி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கமுத்து மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். கூட்டமாகச் சேர்ந்திருந்த நர்சுகளையும் அவர் கண்ணாலேயே திருப்பினார்.

துண்டு அசைந்தது. டாக்டர் முகம் சுளித்து யோசித்தார். என் விரலின் நடுவில் அழுத்துகிறார், அப்படியென்றால் என்ன என்று தனப்பிரியாவைக் கேட்டார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அர்த்தம் என்றார் தனப்பிரியா. எதில் கொஞ்சம்? செல்லாயிக்குத் தெரியும். "செவ்வாக்கெழமெ சந்தையில ஒரு வாயி டீ கேக்கறாருங்க. அதெ உட்டுப்போட்டு அவுரு எங்கீங்க இருப்பாரு" என்றாள்.

டாக்டர் தனப்பிரியாவைப் பார்த்தார். கெட்டியாக்கி, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு ஸ்பூன் என்றால் இப்போதைக்குக் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு ஸ்பூன் என்று டாக்டர் சொன்னார். கண் இடப்பக்கம் போனது. தனப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, டாக்டருக்கு மட்டும் கேட்கும்படி காதில் ஏதோ சொன்னார். தீபிகா இந்த முறை வாயைத் திறக்கவில்லை. துண்டுக்குள் அவர் கை நகர்வது மட்டும் தெரிந்தது. ஒரு விரலை முழுசாகப் பிடித்தார். அடுத்த விரலின் நடுக்கணுவை அழுத்தினார். ஒன்றரை.

சின்னண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. ஒரே விலைக் கடையில் வளர்ந்த பெண், ஐந்தே நிமிஷத்தில் பாஷையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். கண் வலப்பக்கம் போனது.

ஆனால் பேரம் இன்னும் முடியவில்லை. முடிப்பது வலது கையால்தான். அந்த வலது கை நாற்காலியின் கைப்பிடியில், இரண்டு வருஷமாகச் செய்வதுபோல, சும்மா கிடந்தது. டாக்டர் கையை எடுக்கப் போனார். செல்லாயி எடுக்க வேண்டாம் என்று தலையாட்டினாள். சின்னண்ணன் இடது கையைத் துண்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்தார். மடிமேல் மெதுவாக ஊர்ந்து போனது அது. சொன்னபடி கேட்கிற அந்த இரண்டு விரல்களால் வலது மணிக்கட்டைக் கொக்கி போட்டுப் பிடித்து, தூக்கி, நழுவவிட்டு, மறுபடி தூக்கி, துண்டுக்கு அடியில் கொண்டுபோய் டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. டாக்டர் தன் விரல்களால் அவற்றை இறுக்கி மூடினார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னண்ணன் செல்லாயியைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார்.

செல்லாயி துண்டை எடுத்தாள். அவர் தோளில் போடுவதற்கு முன், ஹால் முழுக்கக் கேட்கும்படி, பட்டென்று ஓர் உதறு உதறினாள்.